முதற்கட்டமாக இரண்டு வலை

ஆங்கிலம் தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்கும் ஆங்கிலம் தெரிவதற்கும் நடுவே ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில் ஒரு ஸ்டேடியமே கட்டி, மேளதாளத்தோடு அடிக்கல்லும் நாட்டியவள் நான்.

எண்ணூரில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. என் ஆங்கிலம் ‘டியர் சார்’ என்று கம்பீரமாகத் தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று கம்பீரமாக முடியும். நடுவில் வருவதில்தான் கொஞ்சம் தகராறு. ஆனால் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அதுவே ஜாஸ்தி. மருந்துச் சீட்டு, கோர்ட்டு நோட்டீஸ், மிக்சியோடு வந்த புத்தகம் எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்பு சொல்வேன். (கண்ணாடியில் பவர் கிடையாது. அழகுக்குப் போட்டது.)

நான் வேலைக்குப் போவது என் தாய்மாமனுக்குப் பிடிக்கவில்லை. ஆறுமுக மாமா சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர். எனக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி எடை போடும் மேடையில் வேலை பார்த்த என் நைனா, அதிகம் பேசாத மனிதர், மாமாவிடம் ஒரு நாள் வாக்குக் கொடுத்துவிட்டார்.

“மச்சான், எம்பொண்ணு இங்கிலீசு எவ்ளோ ஒசத்தின்னு உனக்குத் தெரியாது. அவ சொல்லி ஒண்ணு பொய்யாப் போச்சுன்னா, அன்னிக்கே வேலய நிறுத்திட்டு நீ சொல்ற எடத்துல கட்டி வெச்சிட்றேன்.”

எடை மேடையில் நிற்கிற மனிதர் இப்படி எடை போடாமல் பேசியது அன்று ஒரு நாள்தான்.

இனி எங்கள் கிளப். பெயர் நீலக்கொடி. ரயில் பாதைக்கும் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மதிலுக்கும் நடுவே கிடந்த பொறம்போக்கு நிலம்தான் மைதானம். கோல் கம்பங்கள் சாத்தாங்காட்டுக் குழாய்கள். ஒன்று மற்றதைவிட நாலு விரல் உயரம். வார நாட்களில் அங்கே மீன்வலை காயும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர்கள் வந்து வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகுதான் பந்து உள்ளே வரலாம். வலையைக் காலால் தொடுவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். தெரியாமல் மிதித்துவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சோறு போடுகிற சாமான் அல்லவா? அதனால், ஊர் முழுக்க வலை இருந்தும், எங்கள் கோல் கம்பத்தில் மட்டும் வலை கிடையாது. பந்தை எட்டி உதைத்து வலையில் போடுவதா? மாமா காலை ஒடித்துவிடுவார்.

இதன் விளைவு, எங்கள் ஊரில் விழுந்த ஒவ்வொரு கோலும் ஒரு வழக்கு. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று எதிரணியோடு முக்கால் மணி நேரம் சண்டை நடக்கும். அதற்குள் பந்து ரயில் பாதையைத் தாண்டிப் போயிருக்கும். கோல்கீப்பர் என் தம்பி குமார். அவன் பந்தைத் தடுத்ததைவிட சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ததுதான் அதிகம்.

அந்த மைதானத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வர ஆரம்பித்தார். பெயர் ஹென்ட்ரிக், ஹாலந்துக்காரர். கடலுக்குள் கல் கொட்டி அலைத்தடுப்புக் கட்டுகிற வேலைக்காக எண்ணூர் வந்தவர். அவருக்கு ஜீப் ஏற்பாடு செய்ததே எங்கள் ஆபீஸ் என்பதால் எனக்கு அறிமுகம். பனைமரம்போல உயரம், வெந்த இறால்போலச் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, மதில் ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்ப்பார். சண்டையை இன்னும் ஆவலாகப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே அளந்தார். உயரம் அளந்தார். கம்பத்துக்குப் பின்னால் நாலு எட்டு நடந்து அங்கேயும் அளந்தார். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

டீக்கடையில் அன்று சாயங்காலமே தீர்மானமாகிவிட்டது. அப்போது கேபிள் டிவியில் வெளிநாட்டுப் பந்தாட்டம் வர ஆரம்பித்திருந்தது. யாரோ ஒரு தேசத்துப் பணக்காரர் யாரோ ஒரு தேசத்துக் கிளப்பை வாங்குகிறார், பழைய மைதானத்தை இடித்துப் புதிது கட்டுகிறார் என்ற செய்தியை வாயைப் பிளந்து பார்த்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரர் மைதானத்தை அளந்தால் வேறு என்ன அர்த்தம்? நீலக்கொடியை வாங்கப்போகிறார். ஸ்டேடியம் வரப்போகிறது.

விசாரித்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மறுநாள் காலை என் டிபன் பாக்சை நைனாவே துடைத்துக் கையில் கொடுத்தார்.

ஹென்ட்ரிக் ஜீப் கணக்கில் கையெழுத்துப் போட ஆபீஸ் வந்தபோது எழுந்து நின்று கேட்டேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேற்படி மைதானம் தாங்கள் அளந்தது தொடர்பாக, எங்கள் கிளப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டு ஸ்டேடியம் நிர்மாணிக்க உள்ளீர்களா என்பதைத் தயவுசெய்து தெரியப்படுத்தவும்.

மனிதர் சிரித்தார். ஆமாம், பெரிய ஸ்டேடியம், ஒரு லட்சம் பேர் உட்காரலாம் என்றார். உதட்டில் விரலை வைத்து, யாரிடமும் சொல்லாதே, மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார். ஒரு கண்ணையும் சிமிட்டினார்.

ஸ்டேடியத்தை யாராவது ‘கொண்டுவருவார்களா’ என்று யோசித்திருக்கலாம். கண்ணை ஏன் சிமிட்டினார் என்றாவது யோசித்திருக்கலாம். ராயபுரத்துத் தூசி விழுந்துவிட்டது பாவம் என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லாதே என்றதால் நைனாவிடம் மட்டும் சொன்னேன். நைனா மாமாவிடம் மட்டும் சொன்னார். மறுநாள் மீன் ஏலம் முடிவதற்குள் எண்ணூர் வரை தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கேப்டன் அய்யப்பனுக்கு, புது முதலாளி வெளியிலிருந்து ஆள் வாங்கி வருவானா, நம்மை வைத்துக்கொள்வானா என்ற கவலை. ஜெர்சி நீலம் மாறக்கூடாது என்று ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் ஒற்றைக்காலில் நின்றது. இதுவரை மைதான ஓரம் போகும் பெரிய குடிநீர்க் குழாய்மேல் ஏறி நின்று ஆட்டம் பார்த்த பெண்கள் என் அம்மா தலைமையில் கூடி, நாற்காலியும் கக்கூசும் வருமென்றால் வெள்ளைக்காரன் என்ன, செவ்வாய்க் கிரகத்துக்காரன் வாங்கினாலும் சம்மதம் என்றார்கள். மாமா மட்டும் அசையவில்லை.

“வெள்ளக்காரன அனுப்பி வெச்சு அம்பது வருசம் ஆவுது. நீங்கோ கையப் புட்சி இட்டுகினு வர்றீங்கோ. நாளைக்கு கேட்டு போட்டு வாட்ச்மேன உக்கார வெப்பான். அப்பால நம்ப வலய எங்க காய வெக்கிறது? நம்ப கிரவுண்டுக்குள்ள நம்பளே டிக்கெட்டு எடுத்துகினு போவணுமா?”

இன்று யோசித்தால், அந்த டீக்கடையில் அறிவோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். அன்று அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் நான் படம் வரைந்திருந்தேன். ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கம், நீலப் பால்பாயிண்ட் பேனாவால், வட்டமாகப் படிக்கட்டுகள், மேலே கூரை, நாலு மூலையிலும் விளக்குக் கோபுரம். (விளக்கை மட்டும் துறைமுகத்தில் பார்த்து வரைந்தேன். மற்றதெல்லாம் கற்பனை.) சாத்தாங்காட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள் எல்லாரும் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கோபுர விளக்கின்மேல் விரலை வைத்து, இது எரியுமா என்று கேட்டார். எரியும் என்றேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. வரைந்தவளே நம்பிவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

அடிக்கல் நாட்டு விழா என்று முடிவானது. கல்லுக்கு நைனா ராயபுரத்தில் ஒரு கல்வெட்டுக்காரரைப் பிடித்தார். அவர் வாழ்நாள் முழுக்கக் கல்லறைக் கல் மட்டுமே செதுக்கியவர். கைப்பழக்கம் போகுமா? தலைப்பகுதி வளைவாக, உச்சியில் ஒரு சிலுவையோடு கல் வந்து இறங்கியது. சிலுவை வேண்டாம் என்றதற்கு அதைச் சுற்றி இதழ் செதுக்கிப் பூவாக்கிக் கொடுத்தார். நடுவில், நான் எழுதிக் கொடுத்தபடி ஹென்ட்ரிக்கின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாக. அதன்கீழ் விழா நடக்கும் தேதி. அதற்கும் கீழே, எதற்கென்று தெரியாமல், கொஞ்சம் இடம் வழுவழுவென்று காலியாக விடப்பட்டிருந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. வாழைமரம், பந்தல், பேண்டு வாத்தியம், இரண்டு அண்டா பிரியாணி. காலடிப்பேட்டை மொத்தமும் மைதானத்தில் நின்றது. நான் பட்டுப் புடவையும் பவர் இல்லாத கண்ணாடியுமாக மைக்குப் பக்கத்தில் நின்றேன். ஜீப்பிலிருந்து அரைக்கால் சட்டையோடு இறங்கிய ஹென்ட்ரிக், தோளில் ஒரு பெரிய சாக்கு மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். பேண்டு அடிக்க ஆரம்பித்தது. மாலை விழுந்தது. சால்வை விழுந்தது. நாலு பேர் அவரைக் குழியின் பக்கம் அழைத்துப் போனார்கள்.

தோண்டிய குழி. பக்கத்தில் வளைந்த தலையோடு ஒரு கல். அதில் அவர் பெயர். கீழே அன்றைய தேதி.

இறால் நிறத்து முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். மனிதர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன் என்று கேட்டார்.

“இன்னாம்மா சொல்றாரு?” என்றது கூட்டம்.

“கல்லு ரொம்ப அழகா இருக்குதாம்” என்றேன் மைக்கில்.

கைதட்டல் ஓய நேரமானது. அதற்குள் அவர் காதில் என் கடித ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கினேன். அவர் கண்கள் விரிந்துகொண்டே போயின. கூட்டத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், குழாய்மேல் தலை நிறையப் பூவோடு நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மைக்கை வாங்கி, மிக வருத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஐயோ, ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆங்கிலப் பேச்சு முழுசாகப் புரிந்தது அன்றுதான்.

அவர் சொன்னது இதுதான்: என்னிடம் பணம் கிடையாது, நான் ஒரு வெல்டர். நீங்கள் ஒவ்வொரு வாரமும் கோலுக்காகச் சண்டை போடுவதைப் பார்த்தேன். அதனால் கல் கொட்டும் கப்பலில் மிச்சமான கயிற்றில் உங்களுக்கு இரண்டு கோல் வலை பின்னிக் கொண்டுவந்தேன். ஸ்டேடியம் என்று சொன்னது விளையாட்டுக்கு. என்னை மன்னித்துவிடுங்கள்.

நைனா முன்வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“ஐயா அவர்கள் என்ன சொல்றாங்கன்னா, ஸ்டேடியத்தைப் படிப்படியா கட்டப் போறாங்க. முதற்கட்டமாக இரண்டு வலை வழங்குறாங்க.”

பேண்டு மறுபடி முழங்கியது. அது ஓயும்வரை காத்திருந்து மாமா முன்னால் வந்தார்.

“ரெண்டாங்கட்டம் எப்போன்னு கேளு, தனா.”

கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். “ரெண்டாம் கட்டம் கெடயாது மாமா. மொதல் கட்டமும் கெடயாது. அவரு சும்மா தமாசுக்குச் சொன்னத நான் நெசம்னு நம்பிட்டேன்” என்று மைக்கிலேயே சொல்லி, மைக்கிலேயே அழுதேன். எண்ணூர் நெடுஞ்சாலை வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

ஹென்ட்ரிக் அவசர அவசரமாக மூட்டையை அவிழ்த்து வலையை மண்ணில் கொட்டினார். அது மாமாவின் காலருகே வந்து விழுந்தது. மாமா சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கியதைப் பார்த்து ஹென்ட்ரிக்கும், தன் கால் வலைமேல் பட்டுவிடாமல் விலகிக்கொண்டார்.

மாமா அதைக் கவனித்தார்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலையின் ஒரு ஓரத்தைக் கையில் எடுத்தார். ஒரு வலைக்கண்ணுக்குள் இரண்டு விரலை விட்டு விரித்துப் பார்த்தார். ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் தள்ளினார், நகரவில்லை. அடுத்ததைத் தள்ளினார். நாற்பது வருடம் வலை பின்னிய விரல்கள் அவை.

“தனா, இது நம்ப முடிச்சு. இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கோன்னு கேளு.”

கேட்டேன். அவருடைய அப்பா மீன்பிடிக்கிறவராம். குளிர்க்கடலில் படகு ஓட்டியவராம். நடக்கப் பழகும்போதே அப்பா பின்னக் கற்றுக்கொடுத்தாராம். அவர்கள் ஊரிலும் வலையை மிதித்தால் அடி விழுமாம். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன்.

மாமா வலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைக்கார வெல்டரை அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை. எந்தக் கடலோ, எந்த ஊரோ, அங்கே முகம் தெரியாத ஒரு தகப்பன் தன் பிள்ளையின் விரலைப் பிடித்து, காலடிப்பேட்டையில் எங்கள் பாட்டன் போட்ட அதே முடிச்சைப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஸ்டேடியமே வந்திருந்தாலும் எங்களுக்கு அவ்வளவு பிரமிப்பு வந்திருக்காது.

“கடல் தண்ணி படாத வல. மீனு புடிக்காது. இத்த கம்பத்துல கட்டலாம்” என்று மாமா தீர்ப்பு சொன்னார்.

பத்து நிமிடத்தில் கட்டினார்கள். நாலு விரல் கூடுதல் உயரமான கம்பத்தின் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நின்றது. அதையும் மாமா ஒரு கயிறு போட்டுச் சரி செய்தார். பந்தை வைத்தார்கள். அய்யப்பன் உதைக்கவில்லை. யாருமே உதைக்க முன்வரவில்லை. பிறந்ததிலிருந்து வலை என்றால் காலை மடக்கிக்கொண்டவர்களுக்கு எப்படிக் கால் வரும்? கடைசியில் மாமாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். வெறுங்காலால் உதைத்தார்.

குமார் தடுக்க மறந்து நின்றான். பந்து அவனைத் தாண்டிப் போய் வலையில் விழுந்தது. வலை பின்னால் புடைத்தது, பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து, மெதுவாக மண்ணில் இறக்கிவிட்டது. பந்து அங்கேயே கிடந்தது. ரயில் பாதைக்கு ஓடவில்லை. யாரும் சத்தியம் செய்யவில்லை. அதுவரை எங்கள் ஊரில் கோல் என்பது வாயால் வாதாடி வாங்குவது. அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தோம். குழாய்மேல் நின்ற அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரியாணி ஆறிப்போகிற அளவுக்கு ஒவ்வொருவராக வந்து வலைக்குள் பந்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். எழுபது வயதுக் கிழவர் போட்டார். ஹென்ட்ரிக் மாலையோடு போட்டார். நானும் பட்டுப் புடவையோடு போட்டேன்.

ஆனால் நைனாவின் வாக்கு வாக்குத்தானே. திங்கட்கிழமை காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பவில்லை. டிபன் பாக்ஸ் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. நைனா வாசலில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சினாள். மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவார்கள் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. எட்டு மணிக்கு மாமா வந்தார். கையில் ஒரு முழம் கயிறு.

“இன்னா இன்னும் கெளம்பலியா நீ?” என்றார் என்னிடம். “அந்தாளு வலயோட மூலைல ஒரு கட்டு கட்டிக்கீறான். ராவெல்லாம் பாத்தேன், புடிபடல. எப்டின்னு கேட்டு ஒழுங்கா தெரிஞ்சிகினு வா. உன்ன உட்டா யார்கீறா கேக்கறதுக்கு?”

நைனா பேப்பரை மடித்தார். உள்ளே போய் டிபன் பாக்சைத் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“மொதக்கட்டமா இன்னிக்கிப் போய்ட்டு வா” என்றார்.

அந்த முதற்கட்டம் இருபத்தைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு நானே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். தாலி கட்டி முடிந்ததும் மாமா அவர் தோளைத் தட்டி, முதற்கட்டமாக ஒரு முடிச்சு என்றார். எனக்குப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து தொட்டிலை எட்டிப் பார்த்து, முதற்கட்டமாக ஒன்று என்றார். எங்கள் குடும்பத்தில் யார் எதை அளந்துவிட்டாலும் இந்த ஒரு சொல்லால் அடக்கிவிடுவார்கள்.

அடிக்கல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கல்வெட்டுக்காரர் மறுத்துவிட்டார். பெயர் செதுக்கிய கல்லை அந்தப் பெயர்க்காரரைத் தவிர யாருக்கும் கொடுக்கக்கூடாதாம். அது இன்று எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கிற கல். எழுத்து மேலே இருப்பதால் அழுக்கு நன்றாகப் போகிறது. துவைக்கப் போவதை எங்கள் வீட்டில் ஸ்டேடியத்துக்குப் போவது என்றுதான் சொல்வோம்.

போன பொங்கலுக்கு ஒரு மாறுதலுக்காக அதை எடுத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று என் கணவர் பேச்செடுத்தார். மாமாவுக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தவர், சோப்பு நுரையை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கல்லில் இருந்த பெயரை விரலால் தடவினார்.

“அந்தாளு உசுரோட கீறானா?”

இருக்கிறார், புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை வந்தது என்றேன்.

“அப்போ கல்ல எட்த்துடாத. கல்லு செதுக்குனவன் கீழ இன்னொரு தேதிக்கு எடம் உட்டு வெச்சிக்கீறான் பாரு” என்றார்.